பேப்பர்காரப் பையனுக்கு லீலண்ட் போட்ட மார்க்

என் அண்ணன் லீலண்ட் ஸ்டோக்ஸ் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். டாரோ ஊரில் முப்பது வயதுக்குக் கீழே இருக்கும் பாதிப் பேரைப் பள்ளியில் கொண்டுபோய் இறக்கியவன் அவன்தான். யார் வளைவில் வாந்தி எடுப்பார்கள், எந்த வீட்டு நாய் பஸ் பின்னாலேயே ஓடிவரும், எந்தப் பிள்ளை வீட்டுப்பாடம் செய்யாமல் வயிற்று வலி என்று சொல்லும் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. இத்தனை குடும்பத்துப் பிள்ளைகளைக் கரை சேர்த்தவனுக்குச் சொந்தக் குடும்பத்தை ஓட்டத் தெரியவில்லை. விவாகரத்து கேட்டு வந்த அண்ணி, "இந்த ஆள் சனிக்கிழமையில என்கிட்ட ஒரு வார்த்த பேசினதில்ல" என்று நீதிபதியிடம் சொன்னாள். அண்ணன் மறுக்கவில்லை. "செப்டம்பர்லேர்ந்து நவம்பர் வரைக்கும்தான், ஐயா" என்று திருத்தம் மட்டும் சொன்னான்.

செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை எங்கள் ஊரில் ஃபுட்பால், கையால் எறிந்து பிடிக்கிற அமெரிக்க ஃபுட்பால். வெள்ளிக்கிழமை உயர்நிலைப் பள்ளி ஆட்டம். சனிக்கிழமை டாரோ ஸ்டேட் கல்லூரி ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கர்த்தர். மத்தியானம் மறுபடி ஃபுட்பால். அலபாமாவில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

லீலண்ட் ஒருநாளும் ஃபுட்பால் ஆடியதில்லை. சின்ன வயதில் மூச்சிரைப்பு. பள்ளிக்கூடத்து பேண்டு வாத்தியக் குழுவில் ஜால்ரா தட்டினான். பெரிய பித்தளைத் தட்டு இரண்டு, இடைவேளையின்போது மைதானத்தின் நடுவில் நின்று டமார் என்று அடிப்பான். அதற்கப்புறம் இத்தனை வருஷமாக மைதானத்துக்கு வெளியே நின்று அடித்துக்கொண்டிருக்கிறான்.

ஐந்து வருஷத்துக்கு முன் என் வீட்டுக் கார் கொட்டகையில் ஒரு இன்டர்நெட் நிகழ்ச்சி ஆரம்பித்தான். என் இஸ்திரிப் பலகைமேல் செல்போனை டேப் போட்டு ஒட்டினான். பின்னால் ஒரு வெள்ளைப் பலகை. முந்தின நாள் ஆட்டத்தை டிவியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, குவாட்டர்பேக் எறிந்த ஒவ்வொரு பந்துக்கும் ஏ, பி, சி என்று மார்க் போடுவான்; எஃப் என்றால் ஃபெயில். குவாட்டர்பேக் என்றால் பந்தை வாங்கி, யாருக்கு எறிவது என்று கண் இமைப்பதற்குள் முடிவு பண்ணுகிற பையன். ஜெயித்தால் அவனால் ஜெயித்தது, தோற்றால் அவனால் தோற்றது. மைதானத்தில் கூட இருக்கிற பத்துப் பேரும் சும்மா காற்று வாங்க வந்தவர்கள் மாதிரிதான் எங்கள் ஊர் பேசும்.

எதிர்த்தரப்பு வக்கீல் என் வீட்டுக்காரர் ராய்ஸ். டயர்க் கடையில் வேலை. அவருக்கு யாரையும் திட்ட வராது. அதனால் குவாட்டர்பேக்குக்காக வாதாடும் வேலை அவருக்கு.

"மச்சான், அவன் மழையில எறிஞ்சிருக்கான். நீ காஞ்ச நாற்காலியில உக்காந்துகிட்டு மார்க் போடுற."

"மழை என்ன ஒரு பக்கம் மட்டுமா பெஞ்சுச்சு மாப்ள? சி மைனஸ். அதுவும் மழைக்காகத்தான். இல்லன்னா டி."

"ஜால்ரா தட்டினப்ப உனக்கு யாராவது மார்க் போட்டாங்களா?"

"போட்டிருந்தா ஏ வாங்கியிருப்பேன். தாளம் தப்பினதே இல்ல."

இதைப் பார்க்க ஊரில் ஆயிரக்கணக்கான பேர். கடையில் நான் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தால், "லீலண்ட் ஏன் அவனுக்கு பி போட்டான்?" என்று என்னிடம் சண்டைக்கு வருவார்கள். வார்த்த இரும்புச் சட்டியில் சோளரொட்டி கருகினாலும் நான்தான் பொறுப்பு, குவாட்டர்பேக் சொதப்பினாலும் நான்தான் பொறுப்பு.

போன வருஷம் எங்கள் குவாட்டர்பேக் டேட்டம் ஹோல்கம். டெக்சஸ்காரன். இருபது வயது. ஒல்லி. பேசும்போது தரையைப் பார்ப்பான். ஊரில் அவனைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆளே கிடையாது. மருந்துக்கடைக்காரர் மாத்திரை எண்ணிக்கொண்டே, "கால நிலைநிறுத்துறதுக்கு முன்னாடியே பந்த விட்டுடுறான்" என்பார். எங்கள் பாஸ்டர் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்தால், யாரைச் சொல்கிறார் என்று முன்வரிசைக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அக்டோபரில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அணியுடன் ஆட்டம். அவர்களிடம் தோற்றால் எங்கள் ஊரில் ஒரு வாரம் யாரும் யாருக்கும் குட்மார்னிங் சொல்லமாட்டார்கள். வெளியூர் ஆட்டம். என் வீட்டில்தான் டிவியில் பார்த்தோம். கடைசி நிமிஷம் வரை வந்துவிட்டது. ஒரு பந்து சரியாகப் போனால் ஜெயம். டேட்டம் எறிந்தான். பந்து கோட்டோரமாக, யாருமே இல்லாத இடத்துக்குப் போனது. அதைப் பிடிக்க வேண்டிய எங்கள் அணிப் பையன் ஜேவன் மிம்ஸ் அந்த இடத்தைத் தாண்டி வெகுதூரம் ஓடி, கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். எதிரணிக்காரன் ஒருவன் கடையில் பால் வாங்குகிற மாதிரி நிதானமாக நடந்துவந்து பந்தைப் பிடித்துக்கொண்டான். அவ்வளவுதான்.

ஜேவன் இந்த ஊர்ப் பிள்ளை. லீலண்டின் பஸ்ஸில் ஒன்றாம் வகுப்பிலிருந்து போனவன். அவன் அம்மா ஒடெஸா மிம்ஸ் பள்ளிக்கூட மதிய உணவுக் கூடத்தில் சமைக்கிறவள். லீலண்டுக்கு இருபது வருஷப் பழக்கம்.

ஆட்டம் முடிந்து டேட்டமை மைக் முன்னால் உட்காரவைத்தார்கள். "தப்பு என்னோடது. ஜேவன் எங்க இருக்கணுமோ அங்கதான் இருந்தான்" என்றான், தரையைப் பார்த்து.

"பாத்தியா, அவனே ஒத்துக்கிட்டான்" என்றான் லீலண்ட்.

அடுத்த நாள் கொட்டகையில் அண்ணனுக்கு நாக்கில் சனி. பலகையில் பெரிய எஃப் ஒன்றைப் போட்டுவிட்டு சொன்னான்: "காலையில சைக்கிள்ல பேப்பர் போடுற பையனப் பாத்திருக்கீங்களா? வீட்டப் பாத்து எறிவான். உள்ள ஆள் இருக்கானா, குடிபோயிட்டானா, செத்துட்டானா, அவனுக்கென்ன. எறிஞ்சாச்சு, அடுத்த வீடு. நம்ம டேட்டம் அந்தப் பேப்பர்காரப் பையன்தான். இனிமே அவன் பேர் அதுதான்."

ராய்ஸ் கூடச் சிரித்துவிட்டார். வாதாட வேண்டியவரே சிரித்தால் கேஸ் தோற்றதுதான்.

அந்த வீடியோத் துண்டு மட்டும் ஊரைச் சுற்றியது. அப்புறம் மாநிலத்தைச் சுற்றியது. பேப்பர் கூடையோடு சைக்கிள் படம் போட்ட பனியன் வந்தது. டிவியில் ஆட்டத்தை அலசுகிற கோட்டுப் போட்ட ஆட்கள்கூடப் 'பேப்பர்காரப் பையன்' என்றார்கள். லீலண்டின் நிகழ்ச்சிக்கு ஒரே வாரத்தில் கூட்டம் பத்து மடங்கு. பஸ்ஸில் ஏறுகிற பிள்ளைகள் கையெழுத்து கேட்டார்கள். தலை நிமிர்ந்து நடந்தான்.

அதற்கடுத்த ஆட்டம் எங்கள் ஊரிலேயே. நானும் அவனும் ராய்ஸும் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தோம். அணி சுரங்கப்பாதையிலிருந்து வெளியே ஓடிவந்தபோது மாணவர்கள் பக்கமிருந்து ஏதோ பறந்தது. முதலில் எனக்குப் புரியவில்லை. சுருட்டி ரப்பர் பேண்டு போட்ட பேப்பர்கள். கடை வாசல்களில் சும்மா கிடைக்கிற விளம்பரப் பேப்பர்களையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்கள். டேட்டமைத் தவிர வேறு யார் மேலும் படவில்லை. குறி பார்த்து எறிந்தார்கள். சொந்த அணிப் பையன்மேல், சொந்த மைதானத்தில்.

பக்கத்து ஆள் லீலண்டின் முதுகில் தட்டி, "உன் வேலதான்யா இது" என்றான். லீலண்ட் தொப்பியைத் தூக்கிக் காட்டினான். கீழே பெற்றோர் வரிசையில் ஒடெஸா திரும்பி அவனைத் தேடிப் பார்த்து, கட்டைவிரலை உயர்த்தினாள்.

அப்போது ஒரு பேப்பர் டேட்டமின் முகத்தில் பட்டது. ஹெல்மெட்டைக் கையில் வைத்திருந்தான். கன்னத்தைத் தடவிக்கொண்டு குனிந்து அதை எடுத்தான். திருப்பி எறிவான் என்று நினைத்தேன். மடிப்பு கலையாமல் பெஞ்சில் வைத்துவிட்டு ஓடினான். இடைவேளைக்குப் பிறகு பயிற்சியாளர் அவனை உட்காரவைத்துவிட்டு வேறு பையனை இறக்கினார். கூட்டம் அதற்குக் கைதட்டியது. லீலண்ட் தட்டவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் ஞாயிறு. லீலண்ட் இஸ்திரிப் பலகையை விரித்துக்கொண்டிருந்தான். ராய்ஸ் அடுப்பில் கரி போட்டுக்கொண்டிருந்தார். நான் சமையலறையில், வலைக்கதவுக்கு இந்தப் பக்கம். ஜேவன் மிம்ஸ் தனியாக நடந்து வந்தான்.

"மிஸ்டர் லீலண்ட், கேமரா ஓடுதா?"

"இன்னும் இல்லப்பா. வா, உக்காரு. வாண்டா, பையனுக்கு ஒரு தட்டு கொண்டா."

"சாப்பாடு வேணாம் சார்."

ஃபுட்பால் ஆடுகிற பையன் சாப்பாடு வேண்டாம் என்கிறான். நான் கரண்டியை வைத்துவிட்டுக் கதவருகே போய் நின்றேன்.

"அந்தக் கடைசி பந்து சார். நீங்க எஃப் போட்டீங்களே. அது டேட்டம் தப்பில்ல. என் தப்பு."

லீலண்ட் சிரித்தான். "அடேய், கூட்டாளிய விட்டுக்குடுக்கக் கூடாதுதான். ஆனா நான் கண்ணால பாத்தேன். அந்த இடத்துல ஈ, காக்கா இல்ல."

"நான் இருந்திருக்கணும் சார். அதத்தான் சொல்றேன்." ஜேவன் எழுந்து என் பிளாஸ்டிக் நாற்காலிகளை நகர்த்த ஆரம்பித்தான். "இது நான். இது என்னைக் காவல் காக்குறவன். அவன் என்னை ஒட்டி நின்னா நான் நேரா ஓடணும். தள்ளி நின்னா கொஞ்ச தூரம் ஓடி, சட்டுனு நின்னு திரும்பணும். நான் திரும்புறதுக்கு முன்னாடியே பந்து வந்துரும். அப்பதான் பிடிக்க முடியும். அவன் தள்ளித்தான் நின்னான். டேட்டம் அதப் பாத்தான். நான் பாக்கல. ஓடிட்டே இருந்தேன்."

லீலண்ட் அந்த நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். நாலு வருஷம் மார்க் போட்டவன்.

"அப்ப அவன் ஏன் தன் தப்புன்னு சொன்னான்?"

"உடை மாத்துற ரூம்ல நான் அழுதுட்டிருந்தேன் சார். அவன் வந்து சொன்னான், 'நீ இந்த ஊர்க்காரன். உங்கம்மா இந்த ஊர்லதான் கடைக்குப் போகணும், சர்ச்சுக்குப் போகணும். நான் போயிடுவேன்'னு. சொல்லிட்டுப் போய் மைக் முன்னாடி உக்காந்துட்டான்." ஜேவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "எங்கள வெளிய பேசக் கூடாதுன்னு கோச் சொல்லியிருக்காரு. நீங்க சொல்லிடுங்க சார். நேத்து அவன் முகத்துல பட்டுச்சு, பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எங்கம்மாகிட்டகூட நான் இன்னும் சொல்லல சார்."

அவன் போன பிறகு லீலண்ட் இஸ்திரிப் பலகையை மடக்கினான். போன் ரிப்பேர் என்று ஊருக்குச் செய்தி போட்டான். போனுக்கு ஒரு கேடும் இல்லை.

"சொல்லிடு மச்சான்" என்றார் ராய்ஸ். "உண்மை உண்மைதானே."

"சொன்னா என்ன ஆகும்? அடுத்த ஆட்டத்துல பேப்பர் ஜேவன் மேல விழும்" என்றேன் நான். "ஒடெஸா கீழதான் உக்காந்திருப்பா."

"சொல்லலன்னா அந்த டெக்சஸ் பையன் மேல விழும்."

"ரெண்டு பேர் மேலயும் விழாம ஒரு வழி வேணும்" என்றான் லீலண்ட்.

"இருக்கே. உன் மேல விழட்டும்."

என்னை முறைத்தான். நான் கோழியைத் திருப்பிப் போடப் போய்விட்டேன். இந்த மாதிரிப் பேச்சில் மேற்கொண்டு நின்றால் நமக்குத்தான் வேலை கெடும்.

அந்த வாரம் அவன் சாப்பிட்டது பாதி. பஸ்ஸை ஒரு நிறுத்தத்தில் நிறுத்தாமலே போய், பிள்ளைகள் கத்திய பிறகு பின்னால் எடுத்தானாம். அவன் பஸ் ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து அப்படி நடந்ததில்லை. கடையில் யாராவது "பேப்பர்காரப் பையன்" என்று சொன்னால் வேறு வரிசைக்குப் போய்விடுவான். எந்த வரிசைக்குப் போனாலும் ஒருத்தராவது சொன்னார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் பஸ் வேலை முடிந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு நெடுஞ்சாலை ஓரத்துக் கார் விற்பனைக் கூடத்துக்குப் போனான். கல்லூரி ஆட்டக்காரர்கள் அங்கே வந்து உட்கார்ந்து படத்தில் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். இப்போதெல்லாம் அது அவர்களுக்கு ஒரு வருமானம். மேசை மேசையாகப் பையன்கள், ஒவ்வொருத்தன் முன்னாலும் வரிசை. டேட்டமின் மேசைமுன் யாரும் இல்லை. கையெழுத்துப் போடாத படங்கள் நேராக அடுக்கியபடி இருந்தன. நாலு பேர் பக்கத்து வரிசையில் நின்றுகொண்டு அவனைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லீலண்ட் அந்த மேசைமுன் போய் நின்றான். பையன் பேனாவை எடுத்தான்.

"யார் பேருக்கு எழுதணும் சார்?"

"லீலண்ட்."

பேனா நின்றது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "குரல் கேட்டப்பவே நினைச்சேன் சார்."

"நீ என் நிகழ்ச்சியப் பாப்பியா?"

"நான் பாக்க மாட்டேன் சார். எங்கம்மா பாப்பாங்க. எங்க ஊர்ல எங்க ஆட்டம் டிவியில வராது. அதனால ஞாயித்துக்கிழமை உங்களப் பாப்பாங்க. எவ்ளோ நல்லா எறிஞ்சேன்னு தெரிஞ்சுக்க." நேராக இருந்த படங்களை இன்னொரு தடவை நேராக்கினான். "இப்ப பாக்குறதில்ல."

லீலண்டின் காது சிவந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"தம்பி, அந்தப் பந்தப் பத்தி எனக்குத் தெரியும். ஜேவன் சொல்லிட்டான். இந்த ஞாயித்துக்கிழமை நான் எல்லாத்தையும் சொல்லிடறேன்."

இப்போதுதான் பையன் நேராகப் பார்த்தான். "சொல்லாதீங்க சார்."

"உன் மேல பேப்பர் எறியுறாங்களே."

"ஆமா சார். நீங்க ஆரம்பிச்சது." மரியாதையாகத்தான் சொன்னான். திட்டியிருந்தால் பரவாயில்லை. "எங்க அப்பா அம்மா எண்ணூறு மைலுக்கு அந்தப் பக்கம் இருக்காங்க. அவங்க தலையில யாரும் கோக் ஊத்த முடியாது. ஜேவனோட அம்மா மூணாவது வரிசையில உக்காருறாங்க. வேணாம் சார்."

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"எனக்குத் தெரியல சார். நான் மார்க் போடுறவன் இல்ல."

படத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினான். லீலண்ட் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். வண்டியில் ஏறிய பிறகும் சாவியைத் திருப்பவில்லை. "என்கிட்ட போய் சார் சார்னு" என்று மட்டும் சொன்னான். நான் ஓட்டிக்கொண்டு வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை எங்கள் அணிக்கு ஆட்டம் இல்லை. ஞாயிறன்று கொட்டகையில் வெள்ளைப் பலகையைத் துடைத்து வெறுமையாக வைத்தான். போன் முன்னால் உட்கார்ந்தான். ராய்ஸை வேண்டாம் என்றான். எழுதி வைத்துக்கொண்டு பேசவில்லை, திக்கித் திக்கித்தான் பேசினான்.

"நாலு வருஷமா இங்க உக்காந்து பையனுங்க எறிஞ்ச பந்துக்கெல்லாம் மார்க் போட்டேன். அவங்க களத்துல என்ன திட்டம் போட்டாங்க, யார் எங்க நிக்கணும், யார் எங்க திரும்பணும், எனக்கு ஒரு எழவும் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. டிவியில பந்து போற இடந்தான் தெரியும். கேள்வித்தாளையே பாக்காம விடைத்தாள் திருத்தினவன் நான். டேட்டம் ஹோல்கமுக்கு நான் போட்ட எஃப் எனக்குத்தான் சேரணும். அந்தப் பேர் வச்சது தப்பு. அதச் சொல்லாதீங்க. தயவுசெஞ்சு பேப்பர் எறியாதீங்க."

நல்ல பேச்சுதான். என் அண்ணன் வாயிலிருந்து இவ்வளவு ஒழுங்காக ஒன்று வந்து நான் கேட்டதில்லை. பலன் என்ன? வீடியோவுக்குக் கீழே வந்து எழுதினார்கள். கிழவன் இளகிட்டான். டெக்சஸ்காரன் எவ்வளவு குடுத்தான்? பெண்டாட்டி ஓடிப்போனவன் இப்படித்தான் புலம்புவான். காரணத்தைச் சொல்லாத மன்னிப்பை யார் நம்புவார்கள்? காரணத்தைச் சொல்ல அவனுக்கு வாய் இல்லை. 'ஏன்?' என்று கேட்டவர்கள்தான் அதிகம். ஒருத்தருக்கும் பதில் போடவில்லை. கூட்டம் கலைந்து போனது. அடுத்த ஆட்டத்திலும் பேப்பர் பறந்தது. முன்னைவிடக் கொஞ்சம் குறைவு என்று ராய்ஸ் சொன்னார். அவர் எதையும் நல்லதாகவே பார்க்கிறவர்.

லீலண்ட் அந்த ஆட்டத்துக்கு வரவில்லை. வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்த்தான். ஜேவன் அன்று மூன்று பந்து அருமையாகப் பிடித்தான். எறிந்தவன் வேறு பையன்.

அதற்கு மறுநாள் ஒடெஸா மிம்ஸ் சர்ச் உடையைக்கூட மாற்றாமல் என் வீட்டுக்கு வந்தாள். கையில் சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பை, மாவுத் தட்டில் கிழங்கை இனிப்பாக நிரப்பிச் சுடுகிற பலகாரம். அவள் பை பண்ணினால் இந்த ஊரில் செத்தவனும் எழுந்து உட்காருவான்.

"லீலண்ட், இது உங்களுக்கு."

"எனக்கெதுக்கு மிஸ் ஒடெஸா?"

"என் பையனுக்காகப் பேசினீங்களே. எல்லாரும் ஜேவன் பிடிக்கலன்னு சொல்லியிருப்பாங்க. நீங்கதான் முதல்லயே பேப்பர்காரப் பையன்னு போட்டு ஒடச்சீங்க. அப்புறம் ஏதோ மன்னிப்பு கின்னிப்பெல்லாம் கேட்டீங்க, அது உங்க நல்ல மனசு. ஆனா தப்பு யார் மேலன்னு ஊருக்குத் தெரியும்."

என் அண்ணன் என்னைப் பார்த்தான். நான் தட்டு எடுக்கத் திரும்பிக்கொண்டேன்.

"வெட்டட்டுமா?" என்றாள் ஒடெஸா.

"வெட்டுங்க மேடம்."

ஒரு துண்டு தின்றான். மருந்து விழுங்குகிறவன் கூட அதைவிடச் சந்தோஷமாக விழுங்குவான்.

"எப்படி இருக்கு?"

"பிரமாதம் மேடம்."

"இன்னொண்ணு வைக்கவா?"

வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தான். அவள் முகத்தைப் பார்த்தான். தட்டை நீட்டினான்.

டிசம்பரில் டேட்டம் ஹோல்கம் டாரோவை விட்டுப் போனான். மேற்கே ஏதோ சின்னக் கல்லூரி. சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டான் என்று ஊரில் அதற்கும் ஒரு குறை. யாரிடம் சொல்லிக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று கேட்டால் பதில் இல்லை.

அவன் போன செய்தி வந்த வாரமே ஜேவன் சமையலறையில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அப்புறம் உள்ளூர் ரேடியோவிலும் போய்ச் சொன்னான். அதனால்தான் என்னால் இப்போது இதை எழுத முடிகிறது. ரேடியோவில் கேட்டவர்கள் ரொம்பப் பேர் இல்லை. சீசன் முடிந்துவிட்டது, ஊர் மான் வேட்டைக்குப் போய்விட்டது.

ஆனால் ஒடெஸா, ஜேவன் அவளிடம் சொன்ன அன்று சாயங்காலமே வந்தாள். கதவைத் தட்டவில்லை. நேராக உள்ளே வந்து லீலண்டின் எதிரில் நின்றாள். அவன் எழுந்தான்.

"என் பை தின்னப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"ரெண்டு துண்டு தின்னீங்க."

"ஆமா மேடம்."

"ரெண்டாவது துண்டாவது வேணாம்னு சொல்லியிருக்கலாம்."

ராய்ஸ் ஏதோ சொல்ல வந்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

"அந்தப் பிள்ளைய நான் ஒவ்வொரு வாரமும் திட்டினேன் லீலண்ட். என் வாயால. அவன் என் பிள்ளைக்காக அடி வாங்கிட்டிருந்தான். நான் மூணாவது வரிசையில உக்காந்து உங்களுக்குக் கட்டைவிரலக் காட்டினேன். என்கிட்ட சொல்லியிருந்தா நானே எந்திரிச்சு நின்னு சொல்லியிருப்பேன். கோக் ஊத்தட்டும். துணி துவைக்க எனக்குத் தெரியாதா?"

"அவன் சொல்லக் கூடாதுன்னான் மேடம்."

"அவன் குழந்த. நீங்க?"

லீலண்ட் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

ஒடெஸா கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். டேட்டமின் அம்மாவின் நம்பரை ஜேவனிடம் வாங்கியிருக்கிறாள். என் சாப்பாட்டு மேசைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள். பேர் சொல்லி, யாருடைய அம்மா என்று சொல்லி, நின்றுகொண்டே பேசினாள். நீளமாகப் பேசவில்லை. உங்க பிள்ள என் பிள்ளையக் காப்பாத்தினான், எனக்குத் தெரியாம போச்சு, தெரிஞ்ச அன்னைக்கே கூப்பிடறேன் என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து அழுகைச் சத்தம் வந்தது. அப்புறம் இரண்டு பெண்களும் கொஞ்சநேரம் பிள்ளைகள் எவ்வளவு தின்கிறார்கள் என்று பேசினார்கள். எங்கே பேச்சு அடைத்தாலும் அம்மாக்களுக்கு அது ஒன்று இருக்கிறது.

பிறகு ஒடெஸா, "இங்க இன்னொருத்தர் பேசணும்" என்று சொல்லிவிட்டு போனை லீலண்ட் பக்கம் தள்ளினாள்.

அவன் குனிந்து, "வணக்கம் மேடம்" என்றான்.

"இந்தக் குரல் எனக்குத் தெரியும்" என்றாள் அந்த அம்மா.

"ஆமா மேடம். நான்தான். நான் உங்ககிட்ட..."

"என் மகன் புதுக் காலேஜுக்குப் போன முதல் நாள். பயிற்சிக்குப் போறான். வேலிக்கு வெளிய ஒருத்தன் சுருட்டின பேப்பரோட நிக்கிறான். சிரிச்சுகிட்டு. அதுல கையெழுத்துப் போடச் சொல்றான்."

லீலண்ட் கண்ணை மூடிக்கொண்டான்.

"போட்டான்" என்றாள் அவள். "மரியாதையா. அவன் அப்படித்தான். நான் அப்படி இல்ல சார். நீங்க மன்னிப்புக் கேக்கப் போறீங்கன்னு தெரியுது. கேளுங்க, கேட்டுக்கிறேன். சரின்னு சொல்ல மாட்டேன்."

கேட்டான். முழுசாகக் கேட்டான், நடுவில் நிற்காமல். அவள் கேட்டுக்கொண்டாள். "ம்" என்றாள். பிறகு ஒடெஸாவிடம் மட்டும் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஒடெஸா போனைக் கைப்பைக்குள் போட்டாள். ராய்ஸ் மெதுவாக, "கொஞ்சம் கடுமையாத்தான் பேசிட்டாங்க மச்சான்" என்றார்.

"இல்ல மாப்ள" என்றான் லீலண்ட். "சரியாத்தான் பேசினாங்க."